எக்சோம் வரிசைப்படுத்தல்: ஹைப்ரிட் கேப்ச்சரா, ஆம்ப்ளிகானா?

ஆய்வு மாணவி:
வணக்கம். நெருங்கிய உறவில் மணம் புரிந்த பெற்றோருக்குப் பிறவிச் செவித்திறன் குறைபாட்டுடன் பிறந்த குழந்தைகளின் டிஎன்ஏ மாதிரிகளை எக்சோம் வரிசைப்படுத்தலுக்கு (மரபணுக்களில் புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் எக்சான் பகுதிகளை மட்டும் படிப்பது) அனுப்ப இருக்கிறோம். இக்குறைபாட்டுக்கு அடிக்கடி காரணமாகும் ஜிஜேபி2 மரபணுவைச் சாங்கர் முறையில் (ஒரு நேரத்தில் ஒரு சிறு பகுதியைப் படிக்கும் பழைய முறை) ஏற்கெனவே பார்த்துவிட்டோம். அதில் காரணம் கிடைக்காத குடும்பங்களே இவை. ஹைப்ரிட் கேப்ச்சர் வகையில் (வேண்டிய டிஎன்ஏ துண்டுகளை ஆய்விகள் என்னும் தூண்டில்களால் பிடித்தெடுப்பது) 62 மெகாபேஸ் (1 மெகாபேஸ் = பத்து லட்சம் டிஎன்ஏ எழுத்துகள்) இலக்குடைய பழைய கிட் ஒன்றையும், ஏறத்தாழ 34 மெகாபேஸ் இலக்குடைய புதிய கிட் ஒன்றையும், ஆம்ப்ளிகான் வகை (வேண்டிய துண்டுகளைப் பிசிஆர் மூலம் நகலெடுத்துப் பெருக்குவது) ஒன்றையும் பரிந்துரைக்கிறார்கள். பெரிய இலக்கையே தேர்ந்தெடுப்பது நல்லதா?

ஆய்வகப் பொறுப்பாளர்:
இலக்கின் அளவு பெரும்பாலும் விளம்பர எண் என்றே சொல்வேன். 34 மெகாபேஸ் இலக்கைச் சராசரியாக 100 மடங்கு ஆழத்தில் (அதாவது ஒவ்வோர் எழுத்தையும் 100 முறை) படிக்க, இலக்கின் மேல் விழும் தரவு மட்டும் 3.4 கிகாபேஸ் (1 கிகாபேஸ் = 1,000 மெகாபேஸ்) வேண்டும். படிப்புகளில் (கருவி படித்துத் தரும் டிஎன்ஏ துண்டுகளில்) 60 விழுக்காடுதான் இலக்கில் விழுகிறது என்றால் அது ஏறத்தாழ 5.7 கிகாபேஸாக உயரும், 62 மெகாபேஸுக்கோ 10 கிகாபேஸைத் தாண்டிவிடும். அந்தக் கூடுதல் பரப்பில் பெரும்பகுதி புரதமாக மாறாத யுடிஆர் பகுதிகள். 2011இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வந்த ஒப்பீட்டிலும், ஆய்விகளை நெருக்கமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த நிம்பிள்ஜென் கிட் குறைந்த பரப்பையே எடுத்தாலும் மிகக் குறைந்த தரவில் மாறுபாடுகளைக் கண்டறிந்தது. அஜிலென்ட், இலுமினா கிட்டுகள் கூடுதல் தரவு கொடுத்தபோது மொத்தத்தில் அதிக மாறுபாடுகளைக் காட்டின.

ஆகவே நிறுவனத்தாரிடம் ஃபோல்டு-80 மதிப்பைக் கேளுங்கள். இலக்கின் 80 விழுக்காடு பேஸ்கள் இப்போதைய சராசரி ஆழத்தை எட்ட எத்தனை மடங்கு வரிசைப்படுத்த வேண்டும் என்பதே அது. 1க்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு சீரான கிட். ஜி, சி எழுத்துகள் மிகுந்த முதல் எக்சான்களில்தான் சீரற்ற கிட்டுகள் பல்லிளிக்கும்.

உயிர்த்தகவலியலர்:
தங்கள் குடும்பங்களுக்கு ஆம்ப்ளிகான் வேண்டாம் என்பது என் கருத்து. பிரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஒட்டும் இடத்திலேயே ஒரு மாறுபாடு இருந்தால், அந்தப் பிரதி பெருகாமல் போய், ஹெட்டிரோசைகஸ் (இரு பிரதிகளும் வேறுபட்டவை) ஆக இருப்பது ஹோமோசைகஸ் (இரு பிரதிகளும் ஒன்றே) போலத் தெரியும். உறவுத் திருமணக் குடும்பத்தில் தாங்கள் தேடுவதே ஹோமோசைகஸ் மாறுபாடு என்பதால், இந்தப் பிழை சந்தேகத்தையே கிளப்பாது. மேலும், ஒரே பிரைமர் இணையில் பெருகிய துண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிவதால், ஒவ்வொரு மூலத் துண்டிலும் தனித்தனியாக ஒட்டும் மூலக்கூறு அடையாளக் குறி இல்லாவிட்டால் பிசிஆர் நகல்களைப் பிரித்துக் கழிக்கவும் முடியாது. ஹைப்ரிட் கேப்ச்சரில் துண்டுகள் தற்போக்காக உடைக்கப்படுவதால் இந்தச் சிக்கல் பெரிதும் குறைகிறது.

ஆய்வு மாணவி:
மிக்க நன்றி. ஆனால், சில மாதிரிகளில் 50 நானோகிராம் அளவே டிஎன்ஏ எஞ்சியிருக்கிறது. ஆம்ப்ளிகானைக் கேட்டதற்குக் காரணமே அதுதான்.

ஆய்வகப் பொறுப்பாளர்:
என்சைமால் துண்டாக்கும் இன்றைய கேப்ச்சர் கிட்டுகள் பல 50 நானோகிராமை ஏற்கின்றன. நகல் விகிதம் சற்று உயரும் என்பதால் அந்த மாதிரிகளுக்கு மட்டும் தரவைக் கூட்டிக் கேளுங்கள். இன்னொன்று: எஸ்டிஆர்சி மரபணுவுக்கு ஏறக்குறைய அச்சு அசலான போலி மரபணு ஒன்று அருகிலேயே இருப்பதால், எந்த கிட்டை வாங்கினாலும் குறும்படிப்புகள் இரண்டுக்கும் இடையே குழம்பும். செவித்திறன் ஆய்வில் அதை விட்டுவிட முடியாது; அதன் நீக்கங்களுக்கு, மரபணுவின் பிரதி எண்ணிக்கையை அளக்கும் எம்எல்பிஏ சோதனையைத் தனியாகத் திட்டமிடுங்கள்.