ரோலர் ஹாக்கிக்குத் தமிழ்ச்சொல்: பந்தா, வட்டா?

வணக்கம்.

பஃபலோ ஸ்டாம்பீட் அணியைப் பற்றிய கட்டுரைக்கு ஒரு சொல் வேண்டும். ரோலர் ஹாக்கி இண்டர்நேஷனல் என்ற தொழில்முறைத் தொடரில் 1994, 1995 என இரண்டே பருவங்கள் ஆடிய அணி இது. முதல் பருவத்திலேயே போர்ட்லண்ட் ரேஜ் அணியை வென்று தொடரின் வெற்றிக் கோப்பையான மர்ஃபி கோப்பையைக் கைப்பற்றியது. இந்த ஆட்டத்தைச் “சக்கரச் சறுக்கு வளைதடிப் பந்தாட்டம்” என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

---

> வளைதடிப் பந்தாட்டம்

இங்கே பந்தே கிடையாதே. புல்தரை ஹாக்கிக்கு வைத்த பெயரை அப்படியே நீட்டியதால் வந்த பிழை இது. ஸ்டாம்பீட் ஆடியது தட்டையான பிளாஸ்டிக் வில்லையை வைத்து. பனி ஹாக்கியின் ரப்பர் வில்லை 156 முதல் 170 கிராம் வரை இருக்கும். பிளாஸ்டிக் தரையில் அது ஒட்டி இழுக்கும். அதனால் சக்கர ஆட்டத்துக்கு எடை குறைந்த வில்லை, அதன் இரு முகங்களிலும் சிறு குமிழ்கள். தரையைத் தொடுவது குமிழ்கள் மட்டுமே. அவை தேய்ந்தால் வில்லை தரையில் உரசி வேகம் இழக்கும், அல்லது விளிம்பில் நின்று உருண்டு ஓடிவிடும்.

சக்கரக் காலணியோடு பந்தை அடித்து ஆடும் ஹாக்கியும் தனியாக உண்டு. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக நடந்தது அதுதான். காலணியில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு சக்கரம். பந்து சுமார் 155 கிராம். உங்கள் சொல் அதற்குத்தான் பொருந்துகிறது. ஸ்டாம்பீட் வீரர்கள் அணிந்தது சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த இன்லைன் காலணி. தொடரின் பெயரில் “ரோலர் ஹாக்கி” என்று இருப்பதால் குழப்பம் வரும், கவனம்.

---

வில்லைக்கு “வட்டு” போதும். வட்டெறிதல் இருக்கிறது, குறுவட்டு இருக்கிறது, எல்லாருக்கும் புரியும்.

எனக்கு உறுத்துவது “சறுக்கு”. பனியில் கத்தி சறுக்கும், சரி. சக்கரம் உருளத்தான் வேண்டும். சறுக்கினால் அது கோளாறு. கடினமான வெளிக்களச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு வழவழப்பான உள்ளரங்கத் தரையில் திரும்பினால் பிடிப்பு விட்டுப்போகும். அதனால்தான் உள்ளரங்கத்துக்கு மென்சக்கரம் போடுகிறார்கள். இதை விளக்கும்போது “சக்கரம் சறுக்கியது” என்று எழுதியே ஆகவேண்டும். ஆட்டத்தின் பெயரிலும் அதே சொல் இருந்தால் வாசகர் எதை எடுத்துக்கொள்வார்?

“உருள்காலணி” என்று வைக்கலாம். இன்லைனுக்கு “ஓர்வரிசை உருள்காலணி”, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு சக்கரம் உள்ள குவாடுக்கு “ஈரிணை உருள்காலணி”.

---

உருள்காலணிக்கு என் ஆதரவு. வட்டுக்கும்தான், ஒரு படி மேலே போகலாம். “அரங்கின்றி வட்டாடி யற்றே” என்கிறது குறள் 401. அங்கே வட்டு என்பது கட்டம் வரைந்து ஆடும் காய், அரங்கு என்பது அந்தக் கட்டம். ஆட்டம் வேறுதான். ஆனால் “வட்டாடு” என்ற வினையும் களத்துக்கு “அரங்கு” என்ற பெயரும் ஆயத்தமாகக் கிடைக்கின்றனவே! சுற்றிலும் பலகை அடைத்த ஆடுகளத்துக்கு (rink) “மைதானம்” என்ற சொல் எனக்கு ஒட்டவே இல்லை.

ஆக, ஸ்டாம்பீட் ஆடியது “உருள் வட்டாட்டம்”. பார்சிலோனாவில் ஆடியது “உருள் வளைகோற்பந்து”. பனி ஹாக்கிக்கும் “பனி வட்டாட்டம்” என்று வரிசை அமைந்துவிடும்.

---

> உருள் வட்டாட்டம்

ஏற்கிறேன். முதல் பயன்பாட்டில் மட்டும் “இன்லைன் ஹாக்கி எனப்படும்” என்று முன்னே சேருங்கள். தேடுபவர்கள் அந்தச் சொல்லைத்தான் தட்டச்சு செய்வார்கள். தொடர், அணிப் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம். இன்னொன்று: இந்தத் தொடரில் ஆட்டம் 12 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள். “கால்” என்று மட்டும் எழுதினால் உடல் உறுப்போடு மோதும். “கால்பகுதி” என்றே போடுங்கள்.

---

நன்றி. திருத்திய வரி:

“பஃபலோ ஸ்டாம்பீட், இன்லைன் ஹாக்கி எனப்படும் உருள் வட்டாட்டத்தை 1994, 1995 பருவங்களில் ஆடிய அமெரிக்கத் தொழில்முறை அணி. அரங்கில் ஒரு பக்கத்துக்கு நான்கு ஆட்டக்காரர்களும் ஒரு வலைகாப்பாளரும் இறங்குவர்.”

வலைகாப்பாளரா, இலக்குக்காவலரா என்பதைத் தனி இழையில் கேட்கிறேன்.