புரோ மோடா, ஆட்டோவா? அறைக்குள் ஓடியாடும் குழந்தைகளைப் போனில் எடுப்பது எப்படி

கேள்விக்குறி:
மாலை நேரத்தில், எல்இடி விளக்கு வெளிச்சத்தில், விளையாடும் குழந்தைகளைப் போனில் எடுக்கும்போது இரண்டு பக்கமும் இடிக்கிறது. ஆட்டோவில் எடுத்தால் கை, கால் இழுபட்டு மங்கலாகிறது; முகம் மெழுகு பூசியது போல வழவழவென்று வருகிறது. புரோ மோடில் (எல்லாவற்றையும் நாமே அமைக்கும் முறை) ஷட்டரை 1/250 நொடிக்கு வைத்தால் அசைவு நிற்கிறது, ஆனால் படம் முழுக்க நாய்ஸ் (புள்ளி புள்ளியான சொரசொரப்பு). சில படங்களில் குறுக்கே இருண்ட பட்டைகளும் விழுகின்றன. 50 மெகாபிக்சல் மெயின் கேமரா, லென்ஸ் துளை எஃப் 1.8. தூரத்தை நெருக்கிக் காட்டும் மூன்று மடங்கு டெலி லென்ஸும் இருக்கிறது. எந்த மோடில் எடுப்பது, எதை மாற்றுவது?

குவியம்:
புரோ மோடை விட்டுடாதீங்க. மங்கலுக்குக் காரணம் ஷட்டர் வேகம்தான். வெளிச்சம் குறைஞ்சா ஆட்டோ என்ன பண்ணும்னா, ஐஎஸ்ஓவை (ஒளியைப் பெருக்கிக் காட்டுற அளவு, கூடினா நாய்ஸும் கூடும்) ஏத்தத் தயங்கி ஷட்டரை 1/30, 1/40-க்கு இறக்கிடும். சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு அது போதும். நடக்கிற குழந்தைக்குக் குறைஞ்சது 1/125 வேணும், ஓடினா 1/250, குதிச்சா 1/500.

பட்டை விழுறது போன் கோளாறு இல்ல. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துல எரியிற விளக்கு நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். போன் சென்சார் படத்தை ஒரே நேரத்துல படிக்காது, வரிசை வரிசையா மேலிருந்து கீழே படிக்கும். 1/250-ல ஒவ்வொரு வரிசைக்கும் அந்தத் துடிப்போட ஒரு துண்டுதான் கிடைக்கும். சில வரிசைக்கு உச்சம், சில வரிசைக்குப் பள்ளம். அதுதான் பட்டை. 1/100 வச்சா எல்லா வரிசைக்கும் ஒரு முழுத் துடிப்பு கிடைச்சிடும், பட்டை போயிடும். 1/50-ம் சரி. 60 ஹெர்ட்ஸ் இருக்கிற நாடுன்னா 1/120, 1/60.

1/125-க்குக் கொஞ்சம் கீழதான், ஆனாலும் பட்டைக்காக புரோ மோட், 1/100, ஐஎஸ்ஓ ஆட்டோ, கூடவே ரா ஃபைல் (சென்சார் தர்ற மூலத் தரவு). நாய்ஸை அப்புறம் கணினியில எடுத்துக்கலாம். மெழுகு முகமும் வராது, ஏன்னா ரா ஃபைல்ல போன் கை வைக்காது.

அடுக்குப்படம்:
குவியம் சொன்ன பட்டை விளக்கம் சரி. முடிவுதான் எனக்கு ஏற்பில்லை.

இன்றைய போன்கள் ஆட்டோவில் ஒரே ஒரு படம் எடுப்பதில்லை. வேகமாகப் பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, சராசரி பார்க்கின்றன. ஹெச்டிஆர் பிளஸ் முறையைப் பற்றி கூகுள் ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட கட்டுரையில் இது விரிவாக இருக்கிறது: வேண்டுமென்றே சற்று இருட்டாகப் பல சட்டகங்கள் எடுத்து இணைப்பது. ஒன்பது சட்டகங்களை இணைத்தால் நாய்ஸ் மூன்றில் ஒரு பங்காகும், ஏனெனில் அது எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கேற்பக் குறையும். பெரும்பாலான போன்களில் புரோ மோட் ஒற்றைச் சட்டகம். இத்தனை சிறிய சென்சாரில் ஒற்றைச் சட்டகத்தோடு இருட்டில் இறங்குவது, போனின் பெரும்பலத்தைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குவதாகும்.

இன்னொன்று, தருணம். ஆட்டோவில் கேமரா திறந்திருக்கும்போதே சட்டகங்கள் நினைவகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். நீங்கள் பொத்தானை அழுத்தும் கணத்துப் படம் ஏற்கெனவே கையில் இருக்கும். புரோ மோடில், அதிலும் ரா சேமிக்கும்போது, பல போன்களில் அழுத்திய பிறகுதான் எடுக்கத் தொடங்கும். அதற்குள் குழந்தை திரும்பிவிடும்.

செய்ய வேண்டியது: ஆட்டோ. முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்சம்) கோட்டை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் பாதியாகும் அளவு, கீழே இழுங்கள். ஷட்டர் தானாக வேகமாகும்.

குவியம்:
"ஷட்டர் தானாக வேகமாகும்": வெளியில, பகல் வெளிச்சத்துல, ஆகும். ஐஎஸ்ஓ ஏற்கெனவே அடிமட்டத்துல இருக்கும், குறைக்க ஷட்டரைத் தவிர வேற வழி இல்ல. அறைக்குள்ள பல போன் முதல்ல ஐஎஸ்ஓவைத்தான் குறைக்கும், ஷட்டர் அங்கேயே நிக்கும். படம் இருட்டாகும், மங்கல் அப்படியே இருக்கும். சந்தேகமா இருந்தா படத்தைத் திறந்து மேலே ஸ்வைப் பண்ணி விவரம் பாருங்க. ஷட்டரும் ஐஎஸ்ஓவும் எழுதியிருக்கும்.

அடுக்கி எடுக்கிறதுலயும் ஒண்ணை விட்டுட்டீங்க. சட்டகங்களைப் பொருத்தும்போது எது நகர்ந்திருக்கோ அதை மென்பொருள் ஒதுக்கிடும், இல்லாட்டி ஒரு கைக்கு மூணு கை தெரியும். அப்போ ஒதுக்கின இடத்துல மிஞ்சுறது ஒரே ஒரு சட்டகம். சுவர் பளிங்கு மாதிரி வரும். குழந்தையோட கைதான் நாய்ஸா, அழுந்தித் துடைச்ச மாதிரி வரும். நமக்கு வேண்டியது சுவரா, குழந்தையா?

அடுக்குப்படம்:
கைக்குச் சரி. முகம் கையளவு வேகமாக நகர்வதில்லை. இந்த மென்பொருள்கள் படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துத் தனித்தனியாகத்தான் பொருத்துகின்றன. முகம் சில பிக்சல் நகர்ந்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளும். பார்ப்பவர் கண் முதலில் போவது முகத்துக்கு.

சதுரம்_நான்கு:
50 மெகாபிக்சல் மோடை ஆன் செய்து எடுக்கலாமே? விவரம் நான்கு மடங்கு கிடைக்கும், பிறகு வேண்டிய அளவுக்கு க்ராப் செய்துகொள்ளலாம்.

மூலஒளி:
இந்த வெளிச்சத்தில் வேண்டாம். அந்தச் சென்சாரில் ஒரே நிற வடிகட்டியின் கீழ் நான்கு நான்கு பிக்சல்கள் உட்கார்ந்திருக்கின்றன. நான்கையும் ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சலாகத் தருவதுதான் அதன் இயல்பான வேலை. 50-ஐக் கேட்டால், இல்லாத நிறத் தகவலைக் கணக்கிட்டு நிரப்ப வேண்டியிருக்கும். அடுக்குவதும் குறையும், சேமிக்க நேரமும் கூடும். நல்ல வெயிலில் அசையாத கட்டடம், சுவரெழுத்து, மலை எடுக்க அந்த மோட் நன்றாக உதவும். அறைக்குள் ஓடும் குழந்தைக்கு உதவாது.

மூன்று மடங்கு டெலியையும் நம்ப வேண்டாம். பெரும்பாலும் அதன் சென்சார் சிறியது, துளையும் சிறியது. இருட்டில் போன் சொல்லாமல் கொள்ளாமல் மெயின் கேமராப் படத்தையே வெட்டிப் பெரிதாக்கித் தந்துவிடும். சோதிப்பது சுலபம்: 3 மடங்கில் வைத்து டெலி லென்ஸை விரலால் மூடுங்கள். திரை இருளாவிட்டால், நீங்கள் பார்ப்பது டெலி அல்ல.

கேள்விக்குறி:
விரலால் மூடிப் பார்த்தேன், திரை இருளவில்லை. மெயின் கேமராதான் வேலை செய்கிறது.

விவரமும் பார்த்தேன். ஆட்டோவில் 1/33, ஐஎஸ்ஓ 640. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் இறக்கி எடுத்தால் 1/33, ஐஎஸ்ஓ 320.

குவியம்:
அதான் சொன்னேன், ஷட்டர் அசையவே இல்ல. இப்போ கணக்கு எளிது. அதே பிரகாசம் வேணும்னா 1/100-க்கு ஐஎஸ்ஓ சுமார் 1900 ஆகும். 1/250-க்குப் போனா 4800-க்கு மேல. நீங்க பார்த்த நாய்ஸ் அங்கேருந்துதான் வருது. 1/100-ல நில்லுங்க, ஐஎஸ்ஓ 1600 வச்சுக் கொஞ்சம் இருட்டா எடுத்து, ரா ஃபைல்ல தூக்கிக்கலாம்.

அடுக்குப்படம்:
1900 என்பது ஒற்றைச் சட்டகத்தில், போன் சென்சாரில், சின்ன எண் அல்ல. நிழலில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுகள் வரும். எத்தனை பேர் கணினியில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் சரிசெய்யப் போகிறார்கள்?

மூலஒளி:
இருவரும் ஐஎஸ்ஓவை வைத்து வாதாடுகிறீர்கள், வெளிச்சத்தைக் கூட்டச் சொல்ல யாருமில்லை. இருக்கும் வெளிச்சத்தில் எந்த மோடும் அற்புதம் செய்யாது.

மூடியில்லாத ஒரு விளக்கிலிருந்து குழந்தை மூன்று மீட்டர் தள்ளி விளையாடினால், விளையாட்டுச் சாமான்களை ஒன்றரை மீட்டருக்கு நகர்த்துங்கள். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு, அதாவது இரண்டு ஸ்டாப். (மேற்கூரை முழுக்கப் பரவிய விளக்கென்றால் இவ்வளவு கிடைக்காது.) மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள்: 1/100-க்கு ஐஎஸ்ஓ 480 போதும், 1/250-க்கே 1200 தான். இரண்டு ஸ்டாப் வெளிச்சம் கூடினால் ஆட்டோவும் பிழைக்கும், புரோவும் பிழைக்கும்.

திசையையும் கவனியுங்கள். தலைக்கு நேர் மேலே விளக்கு இருந்தால் கண்குழி இருளும். மென்பொருள் அந்த நிழலைத் தூக்கப் பார்த்து அங்கே நாய்ஸை வரவழைக்கும், பிறகு அந்த நாய்ஸைத் துடைக்கும். மெழுகு முகத்தில் பாதி இப்படித்தான் பிறக்கிறது. விளக்கு முகத்துக்குப் பக்கவாட்டில், சற்று உயரத்தில் இருக்கட்டும். பகலென்றால் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் குழந்தை, ஜன்னலுக்கு முதுகு காட்டாமல் நீங்கள் ஒரு ஓரத்தில். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஜன்னல் ஒளி 5500 கெல்வினுக்கு (ஒளியின் நிறத்தை அளக்கும் அலகு) மேல் நீலச் சாயல், மஞ்சள் விளக்கு 2700 முதல் 3000. இரண்டும் முகத்தில் கலந்தால் எந்த ஒயிட் பேலன்ஸும் (நிறச் சமன் அமைப்பும்) இரு கன்னத்தையும் ஒருசேரச் சரிசெய்யாது.

மெழுகில் மீதிப் பாதி, அழகூட்டும் ஃபில்டர். பல போன்களில் அது தொடக்கத்திலேயே பூஜ்யமாக இருப்பதில்லை, போர்ட்ரெய்ட் மோடில் தனியாகவும் இருக்கும். இரண்டு இடத்திலும் பூஜ்யமாக்குங்கள். நைட் மோடையும் கையால் அணையுங்கள். அது ஒரு நொடி, இரண்டு நொடி என்று ஒளி சேர்க்கும். ஓடும் குழந்தைக்கு அது விஷம்.

குவியம்:
வெளிச்சம் முதல்ல, சரிதான், மறுக்கல. ஆனா எல்லா நேரமும் நகர்த்த முடியாது. மேடையில ஆடுற குழந்தைக்கு விளக்கை யார் நகர்த்துவாங்க? அங்க ஷட்டரை நீங்களேதான் முடிவு பண்ணணும். மேடைன்னா இன்னொரு சிக்கல்: பின்னாடி கருப்புத் திரை. ஆட்டோ அந்தக் கருப்பைப் பார்த்து மொத்தப் படத்தையும் தூக்கும், முகம் வெளுத்துடும். புரோல ஒரு தடவை முகத்துக்குச் சரியா வச்சுட்டா விளக்கு மாறுற வரைக்கும் தொட வேண்டாம்.

புரோ மோட்னாலே ஒற்றைச் சட்டகம்னு சொன்னதும் எல்லா போனுக்கும் பொருந்தாது. ஆப்பிள் 2020 கடைசியில ஐபோன் 12 ப்ரோவுக்குக் கொடுத்த ப்ரோரா, அடுக்கி இணைச்ச பிறகு கிடைக்கிற ரா. கூகுளோட பிக்சல் போன்ல ரா ஃபைலும் அப்படித்தான். சாம்சங்ல எக்ஸ்பர்ட் ரா ஆப் இருக்கு. உங்க போன்ல எப்படின்னு தெரிய, போனை ட்ரைபாட்ல வச்சு, இருட்டுல அசையாத பொருள் ஒண்ணை அதே ஷட்டர், அதே ஐஎஸ்ஓல ரெண்டு ஆப்ல ரா எடுத்து 100 சதவீதத்துக்குப் பெரிசாக்கி நிழலை ஒப்பிடுங்க. ஒண்ணு தெளிவா சுத்தமா இருந்தா, அது அடுக்கினது.

அடுக்குப்படம்:
அந்த ப்ரோரா ஃபைல் 12 மெகாபிக்சலுக்கே சுமார் 25 எம்பி, 48 மெகாபிக்சலுக்கு சுமார் 75 எம்பி. ஒரு நிகழ்ச்சி முழுக்க அப்படி எடுத்தால் போன் நிரம்பிவிடும். வேகமாகத் தொடர்ந்து எடுக்கவும் முடியாது. குழந்தைகளைப் பொறுத்தவரை தொடர்ந்து எடுப்பதுதான் பெரிய ஆயுதம். எந்த அசைவிலும் ஒரு கணம் நிற்கும் இடம் உண்டு: குதித்த உச்சி, ஊஞ்சல் திரும்பும் முனை, சிரித்து மூச்செடுக்கும் நேரம். அங்கே 1/60-கூடப் போதும். பர்ஸ்ட்டில் பத்துப் படம் எடுத்தால் ஒன்று அந்தக் கணத்தில் விழும். மேடைக்குக் குவியம் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்குள் ஆட்டோ பர்ஸ்ட்டைத்தான் சொல்வேன்.

கேள்விக்குறி:
சாமான்களை விளக்கருகே நகர்த்திவிட்டேன். இப்போது ஆட்டோவே 1/60, ஐஎஸ்ஓ 290 காட்டுகிறது. புரோவில் 1/100 வைத்தால் பட்டை இல்லை, நாய்ஸும் தாங்குகிறது. ஆனால் பாதிப் படங்களில் ஃபோகஸ் பின்சுவரில் போய் உட்கார்கிறது.

குவியம்:
மேனுவல் ஃபோகஸ் வைங்க. குழந்தை விளையாடுற தூரத்துல தரையில ஒரு பொம்மை வச்சு அதுல ஃபோகஸ் எடுத்து, அப்படியே மேனுவலுக்கு மாத்துங்க. போன் லென்ஸோட குவியத்தூரம் ரொம்பச் சின்னது. ரெண்டு மீட்டர்ல வச்சா ஒன்றரைல இருந்து மூணு மீட்டர் வரைக்கும் கூர்மையாவே இருக்கும். ஒரு அங்குலச் சென்சார் போன்ல இந்த இடைவெளி குறையும், அதையும் பாத்துக்கங்க.

மூலஒளி:
லென்ஸைத் துடைத்தீர்களா? விரல் எண்ணெய் படிந்தால் விளக்கைச் சுற்றிப் புகைபோல் பரவும், கான்ட்ராஸ்ட் விழும், ஃபோகஸும் தடுமாறும். மெல்லிய மைக்ரோஃபைபர் துணி போதும்.

முகத்தை நிரப்ப வேண்டுமென்று 30, 40 சென்டிமீட்டருக்கு நெருங்கவும் வேண்டாம். மெயின் லென்ஸ் அகன்றது. மூக்கு பெருத்துக் காது ஒடுங்கும். ஒன்றரை மீட்டரில் நின்று 2 மடங்கில் எடுங்கள். நின்றபடி மேலிருந்து எடுக்காமல், மண்டியிட்டுக் குழந்தையின் கண்மட்டத்துக்கு வாருங்கள்.

கேள்விக்குறி:
பட்டை எந்த விளக்கில் வரும், எதில் வராது என்று எடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

குவியம்:
முடியும். ஸ்லோ மோஷன் வீடியோவை நொடிக்கு 240 சட்டகத்துல வச்சு அந்த விளக்கு விழுற சுவரைப் பத்து நொடி எடுங்க. ஓட்டிப் பார்க்கும்போது சுவர் துடிச்சா அந்த விளக்குக்கு 1/100 அல்லது 1/50 மட்டும். துடிக்கலைன்னா நல்ல டிரைவர் (மின்சாரத்தைச் சீராக்குற சுற்று) போட்ட எல்இடி. 1/250 தாராளமா வைக்கலாம்.

அடுக்குப்படம்:
ஒரே அறையில் இரண்டு வகை விளக்கும் இருந்தால் துடிக்கும் விளக்கை அணைத்துவிட்டு மற்றதை வைத்து எடுங்கள். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும்.