ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் வண்டியை நிறுத்திவிடுங்கள்

என்னுடையது 1986ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர், மூன்றாம் தலைமுறை. எஞ்சின் வண்டியின் பின்கோடியில், ரேடியேட்டர் முன்கோடியில். இரண்டையும் இணைக்கும் நீண்ட குழாய்கள் வண்டிக்கு அடியில் ஓடுகின்றன. இவ்வளவு தூரம் சுற்றிவரும் கூலன்டில், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தில், காற்று புகுந்துவிட்டால் அது தானாக வெளியேறாது.

போன மாதம் ஒரு பட்டறையில் கூலன்டை முழுவதும் வடித்துவிட்டுப் பழைய ஹோஸ்களை மாற்றினார்கள். தொட்டி நிரம்பியதும் மூடியைத் திருகி வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் ஒரு நீண்ட ஏற்றம். ஹீட்டருக்குச் சூடு கொடுப்பதும் இந்தக் கூலன்ட்தான். அதுவரை கதகதப்பாக வந்துகொண்டிருந்த ஹீட்டர் திடீரென்று குளிர்ந்த காற்றை ஊதியது. வெப்பநிலை முள்ளோ அசையாமல் நடுவில் நின்றது. முள்ளை நம்பி மேலும் ஐந்து நிமிடம் ஓட்டினேன். அதுதான் தவறு. சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் உண்மையைச் சொல்லும். காற்றுக்குள் நின்றால் அதன் பேச்சை நம்ப முடியாது. டேஷ்போர்டுக்குள் களகளவென்று சத்தம் கேட்டது, முள் ஒரே தாவலில் சிவப்புக்குப் போனது. உடனே ஓரம்கட்டி எஞ்சினை நிறுத்தினேன். நன்றாக ஆறும்வரை மூடியைத் தொடவில்லை. அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியே பொங்கி முகத்தில் பீறிடும்.

வீட்டுக்கு வந்ததும் ரசீதை எடுத்துப் பார்த்தேன். ஊற்றியது 11 லிட்டர். இந்த வண்டி 16 லிட்டருக்கு மேல் பிடிக்கும். மீதி இடத்தில் இருந்தது காற்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் உட்கார்ந்து அந்தக் காற்றை வெளியேற்றினோம். காற்று எப்போதும் உயரமான இடத்தைத் தேடிப் போகும் என்பதால், முன்பக்கத்தை ஜாக்கில் சுமார் 40 சென்டிமீட்டர் உயர்த்தி, ஸ்டாண்டு கொடுத்தோம். பின் சக்கரங்களுக்குக் கட்டையும் வைத்தோம். முன் ஹீட்டர், பின் இருக்கைக்கு அடியில் இருக்கும் ஹீட்டர் இரண்டையும் முழுச் சூட்டுக்குத் திறந்தோம். பின் ஹீட்டர் ஒன்று இருப்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். முன் கிரில்லைக் கழற்றினால் ரேடியேட்டரின் மேல் ஓரத்தில் ஒரு சின்னத் திருகாணி தெரியும். காற்று வெளியேறும் வழி அதுதான்.

அண்ணன் எஞ்சினை நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் பிடித்திருந்தார், என் மனைவி பின்னால் நின்று தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருந்தாள், நான் முன்னால் திருகாணியைத் தளர்த்தினேன். முதலில் வெறும் சீறல். பிறகு நுரை துப்பியது. நூல் போல ஒரு கோடு வந்தது, நடுவில் அறுந்தது, ஒரு குமிழ் வெடித்தது, மறுபடியும் நூல். முடிந்துவிட்டது என்று இரண்டு முறை திருகாணியை மூடப் போனேன். இரண்டு முறையும் "பொறு, பொறு" என்று அண்ணன் உள்ளேயிருந்து கத்தினார். கடைசியில் பென்சில் கனத்தில், அறாமல், கண்ணாடிபோலத் தெளிவாகக் கூலன்ட் வந்தது. அப்போதுதான் மூடினேன். வண்டி மேலும் 5 லிட்டரைக் குடித்திருந்தது. ஹீட்டர் துவாரத்தில் கையை வைத்தால் சுட்டது. அந்தச் சூடு கொடுத்த நிம்மதியை என்னால் சொல்லி முடியாது.

*

மேலே எழுதியவரின் வண்டியைப் போலல்ல, என் வேனில் எஞ்சின் முன்னால்தான் இருக்கிறது; ஆனால் ரேடியேட்டரின் வாயைவிட ஹீட்டர் உயரம். அதனால் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டி, ரேடியேட்டர் வாயில் கசியாமல் பொருத்திக்கொள்கிறேன். கூலன்ட் மட்டம் ஹீட்டரைவிட உயர்ந்துவிடுகிறது, காற்று தானே மேலே வந்து வெடிக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தொடங்கி, தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறந்து மேல் ஹோஸ் சூடாகும்வரை விட வேண்டும். அதற்கு முன்பே மூடியவர்கள்தான் மறுவாரம் திரும்பவும் அதே வேலையைச் செய்கிறார்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: வடித்த கூலன்டைத் தரையில் விடாதீர்கள். பெரும்பாலானவற்றில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, நாயும் பூனையும் நக்கிக் குடித்துவிடும். கொஞ்சம் போனாலே சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும்.

*

மேலே எழுதிய இருவரைப் போலல்ல, எனக்கு நடந்தது வேறு. மூன்று முறை காற்றை எடுத்தேன், மூன்று முறையும் நூறு கிலோமீட்டருக்குள் குமிழ்கள் திரும்ப வந்தன. காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதுமே ஹோஸ் கல்போல விறைத்தது. ஊற்றும்போது தங்கிவிட்ட காற்று அப்படி முடிவில்லாமல் வந்துகொண்டிருக்காது. தொட்டி வாயில் வைத்துச் சோதிக்கும் நீலத் திரவம் ஒன்று உண்டு. எரிந்த புகைவாயு கலந்தால், பெட்ரோல் எஞ்சினில் அது மஞ்சளாக மாறும். என் கண்ணெதிரே இரண்டு நிமிடத்தில் மாறியது. எஞ்சினுக்குள் புகைவாயு கூலன்டில் கலக்காமல் அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கட் போயிருந்தது. கேஸ்கட்டை மாற்றிய பிறகு ஒரே ஒரு முறைதான் காற்றை எடுத்தேன்.