புதுப்பிப்பு: காமா கேமராவின் ஈயத்தட்டை ஏன் மாற்றினார்கள்?

தண்டையார்பேட்டையில் அத்தைக்குத் தைராய்டு ஸ்கேன் எடுத்தபோது, காமா கேமராவின் (உடலுக்குள் போன மருந்திலிருந்து வரும் காமா கதிரைப் படமாக்கும் கருவி) முகத்தட்டைக் கழற்றி வேறொன்றை ஏன் மாட்டினார்கள் என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். ஸ்கேன் எடுத்த தம்பியே பொறுமையாக விளக்கிவிட்டார்.

அந்தத் தட்டுதான் காலிமேட்டர். காமா கதிரை லென்ஸ் வைத்துக் குவிக்க முடியாது. அதனால் தேனடை மாதிரி துளைகள் நிறைந்த ஈயத்தட்டு, நேராக வரும் கதிரை மட்டும் விட்டு, சாய்ந்து வருவதை விழுங்கிவிடுகிறது. கடந்துபோவது ஏறத்தாழ 10,000-இல் 1 தான்! துளையை அகலமாக்கினால் கதிர் நிறையக் கிடைக்கும், படம் மங்கும். தெளிவு இரு மடங்கு வேண்டுமென்றால் உணர்திறன், அதாவது கிடைக்கும் கதிரின் அளவு, கால்பங்காகிவிடும். வடிவமைப்பவர்களின் பாடெல்லாம் இங்கேதான்.

அதைக் கழற்றிவிட்டு அத்தையின் கழுத்துக்கு மாட்டியது, ஒற்றைத் துளை மட்டுமே உள்ள பின்ஹோல் காலிமேட்டர். சின்ன உறுப்பைப் பெரிதாக்கிக் காட்டும்; ஆனால் தூரம் இரு மடங்கானால் கதிர் நாலில் ஒரு பங்குதான். அதனால்தான் அவ்வளவு நெருக்கமாக இறக்கினார்கள். அத்தை பயந்துபோனார். கதிர் கேமராவிலிருந்து வருவதில்லை, ஊசியில் போட்ட மருந்திலிருந்துதான் என்று சொன்ன பிறகே நிம்மதியானார்.

அப்புறம், மருந்தில் கதிர் வீசும் பொருள் (ஐசோடோப்) மாறினால் தட்டும் மாறுமா என்று கேட்டவருக்கு: டெக்னீசியம்-99எம் கதிரின் ஆற்றல் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட், மெல்லிய ஈயச்சுவர் போதும். அயோடின்-131 என்றால் 364. சுவர் தடிமனான வேறு காலிமேட்டரே வேண்டும்.