கேரள, ஆந்திர எல்லையோரத் தமிழர்களுக்கு ஒரு கேள்வி. ஆங்கில வழியில் இணையப் பட்டப்படிப்பு: முதல் வாரங்களில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கொழிஞ்சாம்பாறை, பால் சங்கக் கணக்கர்:

பகுதிநேரமாக இணையவழி பி.காம். சேர்ந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. சேர்ந்த கதையும் கட்டணக் கதையும் இங்குள்ள எல்லோருக்கும் தெரிந்தவைதான் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். இரண்டாவது நேரலை வகுப்பில் பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டார். நாம் வங்கியில் பணம் கட்டினால் நம் புத்தகத்தில் வங்கிக் கணக்கைப் பற்று (டெபிட்) வைக்கிறோம், ஆனால் வங்கி தரும் பாஸ்புக்கில் அதே தொகை வரவு (கிரெடிட்) என்று அச்சாகிறதே, அது ஏன் என்பது கேள்வி. பதினொரு ஆண்டுகளாக ஒவ்வொரு மாதக் கடைசியிலும் சங்கத்தின் ரொக்கப் புத்தகத்தையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பவன் நான். நம் பணத்தை வாங்கி வைத்திருக்கும் வங்கி நமக்குக் கடன்பட்டிருக்கிறது, ஆகவே அதன் ஏட்டில் நாம் தருபவர், தருபவர் கணக்கு வரவு. பள்ளியில் தமிழ் வழியில் மனப்பாடம் செய்த அந்த விதி, விடையாகவே வாயில் வந்து நின்றது. அதை ஆங்கில வாக்கியமாக அடுக்கி, வினைச்சொல்லைத் தூக்கி நடுவில் வைத்து, மைக் பொத்தானைத் தேடுவதற்குள் வேறொரு மாணவி பேசத் தொடங்கிவிட்டார். பதற்றத்தில் சாட் பெட்டியில் தட்டினேன். கை தன் பழக்கப்படி தமிழில் 'வரவு' என்று எழுதி அனுப்பிவிட்டது. பேராசிரியர் திரையை உற்றுப் பார்த்து, யாரோ மலையாளத்தில் ஏதோ அனுப்பியிருக்கிறார்கள், தயவுசெய்து ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்றார். வரவு என்ற சொல் மலையாளத்திலும் வரவுதான் என்பதால் அவர் முழுக்கத் தவறாகச் சொல்லிவிட்டார் என்றும் சொல்ல முடியவில்லை. அன்று கேமராவை அணைத்தவன் இன்னும் போடவில்லை.

நகரி, தறிக்காரர் வீட்டுப் பெண்:

அண்ணா, உங்களுக்காவது மனிதர் ஒருவர் சொன்னார், என்னைக் கண்டித்தது மென்பொருள். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, இப்போது எம்.ஏ. ஆங்கிலம் என்ற வரிசையில் வந்தவள் நான். கேமரா கண்காணிப்பில் வீட்டிலிருந்தே எழுதும் மாதிரித் தேர்வு ஒன்று வைத்தார்கள். தமிழையும் தெலுங்கையும் கண்ணாலேயே படித்துவிடுவேன், ஆனால் ஆங்கிலத்தை உதடு அசையாமல் படிக்க எனக்கு வராது. வகுப்பில் எங்களை வரிவரியாகக் கோரஸ் பாடவைத்து ஆங்கிலம் கற்பித்ததால் வந்த பழக்கமாக இருக்கலாம். கொடுத்த பத்தியில் மூன்றாவது வரிக்கு வரும்போது, நீங்கள் யாருடனோ பேசுகிறீர்கள் என்று திரையில் சிவப்புக் கட்டம் எழுந்தது. அடுத்த அறையில் தறி ஓடும் சத்தத்தை அது என் குரல் என்று எடுத்துக்கொண்டதோ என்று நினைத்து ஓடிப்போய் தறியை நிறுத்தச் சொன்னேன், நாற்காலியை விட்டு எழுந்ததற்காக இரண்டாவது எச்சரிக்கை வந்தது. மூன்றாவது வந்தால் தேர்வு மூடிக்கொள்ளும் என்பதால் கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு அந்தப் பத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு எழுத்தும் தெரிகிறது, ஆனால் ஒரு சொல் கூட மனத்துக்குள் இறங்கவில்லை, கோலப்புள்ளி போல வெறும் வடிவங்களாகவே நிற்கின்றன. அகமதிப்பீட்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதியாம், அப்படியென்றால் மீதி 70 மதிப்பெண்ணையும் நான் இப்படி உதட்டைக் கடித்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

வண்டிப்பெரியாறு, எஸ்டேட் அலுவலகம்:

முதலில் எழுதிய நண்பருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஆங்கில வழி என்று விண்ணப்பத்திலேயே தெளிவாகப் போட்டிருந்த படிப்பில், தெரிந்துதானே சேர்ந்தீர்கள்? அவர் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னதில் அவமானப்பட ஒன்றும் இல்லை. கேமராவை அணைத்ததுதான் பிழை. விடை தெரிந்திருந்தும் சொல்லாமல் விட்டால், ஆசிரியர் கணக்கில் விடை தெரியாதவராகத்தான் இருப்பீர்கள்.

என் அனுபவம் சிறியது. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பில், முதல் நான்கு வாரத் தகுதிக் கட்டத்தில் கணிதம், புள்ளியியல், கணிப்பியச் சிந்தனை (கம்ப்யூட்டேஷனல் திங்கிங்) ஆகியவற்றோடு ஆங்கிலமும் ஒரு பாடம். கணிதத்தைத்தான் பயந்தேன், ஆனால் ஆங்கில ஒலிகளில்தான் மாட்டிக்கொண்டேன். பயிற்சிக்காக என் குரலையே கைப்பேசியில் பதிவு செய்து கேட்டபோது, முதுகுக்கான சொல்லும் மூட்டை கட்டுவதற்கான சொல்லும் என் வாயில் ஒரே சொல்லாக வந்தன. இரண்டுக்கும் ஒரே 'ப'வை எழுதிப் பழகிய நமக்கு அந்த வேறுபாடு காதில் விழவே நாள் பிடிக்கிறது. என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். அப்பா, இரண்டையும் ஒரே மாதிரிச் சொல்கிறீர்களே என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பல் துலக்கப் போய்விட்டாள். நகரி சகோதரிக்கு ஒரு தகவல்: இங்கே வினாத் தேர்வுகளும் இறுதித் தேர்வும் மையத்துக்கு நேரில் போய் எழுதுபவை, அங்கே உங்கள் உதட்டை யாரும் பார்க்க மாட்டார்கள்.

புளியரை, பள்ளி ஆசிரியர்:

நானும் முதல் வாரத்திலேயே ஒரு சிக்கலைச் சந்தித்தேன். விண்ணப்பப் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அது நகர மறுத்தது, தந்தை பெயரை அதில் போட்டேன், பிறகு வகுப்பில் ஆறு மாதமும் என்னை என் தந்தையின் பெயரால்தான் அழைத்தார்கள். அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

இதை முன்னிட்டு, சேரப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லையோரத்தில் பிறந்த நம்மில் பலருக்குத் தமிழ்நாட்டுச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னாலும், கேரளச் சான்றிதழில் பின்னாலும், ஆதாரில் முழுதாக விரிந்தும் இருக்கும். படிப்பின் மதிப்பலகுகளைச் சேமித்து வைக்கும் ஏபிசி கணக்கின் அடையாள எண்ணும், அதைக் கொண்டு எடுக்கும், தொலைநிலை, இணையவழிச் சேர்க்கைக்கான டெப் அடையாள எண்ணும் பெயர் ஒத்துப்போனால்தான் சிக்கலின்றிக் கிடைக்கும் என்பதால், கட்டணம் கட்டுவதற்கு முன்பே ஆதாரைத் திருத்திக்கொள்வது நல்லது. நீங்கள் சேரும் பல்கலைக்கழகம் மட்டுமல்லாமல், அந்தக் குறிப்பிட்ட படிப்பும் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகப் பட்டியலில் அந்தப் பருவத்துக்கு இருக்கிறதா என்று அவர்கள் தளத்திலேயே பாருங்கள். தரகர் அனுப்பும் பிடிஎஃபை நம்பாதீர்கள். பொறியியல், மருத்துவம், செவிலியம், சட்டம் ஆகியவற்றை இணையவழியில் நடத்த மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் இடம் தருவதில்லை, அப்படி யாராவது விளம்பரம் செய்தால் பேசாமல் விலகிவிடுங்கள். சேர்க்கை ஆண்டுக்கு இரண்டு பருவங்களில் நடக்கிறது, ஜூலையில் தவறினால் ஜனவரி இருக்கிறது, ஆகவே கடைசி நாள் என்று தொலைபேசியில் அவசரப்படுத்துகிறவர்களுக்குப் பணிய வேண்டியதில்லை. ஏற்கெனவே ஒரு படிப்பில் இருப்பவர்களும் தயங்க வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க 2022இலேயே மானியக் குழு வழி செய்துவிட்டது. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, நாள்தோறும் ஒரு செய்தித்தாள் தலையங்கத்தை உரக்கப் படித்தால் மூன்று மாதத்தில் சரளம் வந்துவிடும்.

நகரி, தறிக்காரர் வீட்டுப் பெண்:

ஐயா, உதட்டை அசைத்துப் படித்ததற்கே எனக்கு எச்சரிக்கை வந்தது.

கொழிஞ்சாம்பாறை, பால் சங்கக் கணக்கர்:

வண்டிப்பெரியாறு நண்பரே, தெரிந்துதான் சேர்ந்தேன். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னது குறையென்று நான் எங்கும் எழுதவில்லை, மறுபடி படித்துப் பாருங்கள். என்னை உறுத்துவது வேறு. எனக்குச் சங்கத்தில் பேரேடு மலையாளத்தில், மனக்கணக்கு தமிழில், வகுப்பு ஆங்கிலத்தில். மூன்றிலும் கணக்கு ஒன்றுதான் என்று நம்பித்தான் இந்த வயதில் சேர்ந்தேன். அந்த நிமிடத்தில் அது ஒன்றில்லை என்று தோன்றிவிட்டது.

நேற்றிரவு பால்வண்டி போன பிறகு அந்த வகுப்பின் பதிவைத் திரும்பப் போட்டேன். அன்று, மலையாளம் என்ற சொல் காதில் விழுந்ததற்குப் பின் வந்த எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. 41ஆவது நிமிடத்தில் எனக்கு முந்திக்கொண்ட அந்த மாணவி மிக அழகான ஆங்கிலத்தில், தடங்கலே இல்லாமல், பணம் கட்டினால் வங்கியின் சொத்து கூடுகிறது, அதனால்தான் பாஸ்புக்கில் வரவு என்று சொல்கிறார். சொத்து கூடினால் பற்றுதான் வைக்க வேண்டும். கூடியது வங்கி நமக்குத் தர வேண்டிய கடன், அதனால்தான் வரவு. பேராசிரியரும் மெதுவாக அதைத்தான் சொல்லித் திருத்துகிறார். திருத்திவிட்டு, வேறு யாராவது முயல்கிறீர்களா என்று கேட்டு, பதினைந்து விநாடி காத்திருக்கிறார். பதிவில் அந்தப் பதினைந்து விநாடியும் அப்படியே இருக்கிறது, யாரோ ஒருவர் வீட்டு மின்விசிறிச் சத்தத்தோடு.