கையேடு அச்சுக்குப் போகுது: போர்ட்டபிள் பவர் ஸ்டேஷனுக்கு தமிழ்ல என்ன போடலாம்?

அட்டன்:
எல்லாருக்கும் வணக்கம். தேயிலைத் தோட்ட அனர்த்தக் குழுக்களுக்கு கையேடு ஒன்னு எழுதிட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குக் குடுக்கணும். ஒரு பெட்டி, உள்ளுக்க 12.8 வோல்ட் 100 ஆம்பியர்மணி லித்தியம் இரும்பு பொஸ்பேட் பெட்டரி, சார்ஜ அளவா ஏத்துற சார்ஜ் கன்ட்ரோலர், பெட்டரியோட டிசி கரண்ட ஏசியா மாத்துற இன்வேர்ட்டர், பியூஸ், வெளியில ஒரு சோலார் பெனல். மண்சரிவு எச்சரிக்கை வந்து லயத்த (தொழிலாளர் வரிசை வீடுகள) விட்டு பள்ளிக்கூடத்துக்குப் போறப்ப ரெண்டு பேர் தூக்கிட்டுப் போயிரலாம். 1280 வோட்மணி இருக்கு, 5 வோட் பல்பு நாலும் ஒரு ராத்திரியில பத்து மணித்தியாலம் எரிஞ்சாலும் 200தான் போகும், மிச்சத்துல போன் சார்ஜ் பண்ணலாம். பழைய ஈய பெட்டரின்னா பாரமும் கூட, பாதிக்கு மேல சார்ஜ இறக்கவும் கூடாது. இந்த முழுப் பெட்டிக்கும் ஒரு பேர் வேணும். "கையடக்க மின் நிலையம்"னு எழுதிப் பார்த்தேன், நம்ம பக்கம் மின் நிலையம்னா லக்சபான நீர்மின் நிலையம்தான் ஞாபகம் வரும்.

கண்டி:
தம்பி, குறள் 226 பாருங்க. "பெற்றான் பொருள்வைப் புழி". வைப்பு + உழி. உழின்னா இடம், நன்னூல்ல ஏழாம் வேற்றுமை உருபு வரிசையிலயும் இருக்கு. இல்லாதவன் பசியத் தீர்க்கிறதுதான் சேமிப்புன்னு சொல்ற இடத்துல வர்ற சொல்லு, அனர்த்தத்துக்கு இதவிடப் பொருத்தம் வேற இல்ல. "மின்வைப்புழி"ன்னு போடுங்க. இன்வேர்ட்டரையும் அப்பிடியே விடாதீங்க. நம்ம பாடப்புத்தகத்துல டிசி நேரோட்டம், ஏசி ஆடலோட்டம், அப்ப இன்வேர்ட்டர் "ஆடலாக்கி". தமிழ்நாட்டுல மின்னூட்டம்னு எழுதுறது நமக்கு ஏற்றம், அதனால "ஏற்றக் கட்டுப்படுத்தி".

பதுளை:
சேர் மன்னிக்கணும், வைப்புன்னா எங்க ஆக்களுக்கு பேங்க்ல போடுற நிலையான வைப்பு. மீரியபெத்தயில 2014 ஒக்டோபர் 29 காலையில மண்ணு வந்து லயங்கள மூடுனத நாங்க மறக்கல. இருட்டுல, மழையில, டோர்ச் வெளிச்சத்துல வாசிக்கப்போற தாள் இது, ஒரு சொல்லுல நின்னு யோசிக்க வைக்கவே கூடாது. "பெட்டரிப் பெட்டி". போதும்.

கொட்டகலை:
ரெண்டுக்கும் நடுவுல "மின்பொதி" எப்பிடி? தபால்ல பொதி அனுப்புறோம், முகாம்ல உலருணவுப் பொதி வாங்கிருக்கோம், பொதின்னாலே தூக்கிட்டுப் போறதுதான், கையடக்கம்னு தனியா எழுதத் தேவையில்ல.

கண்டி:
பொதி நல்ல தமிழ்தான், மறுக்கல. ஆனா வழிக்குக் கட்டிட்டுப் போற சோத்துக்கு பழமொழி நானூறுல "ஆற்றுணா"ன்னு ஒரு சொல் இருக்கு, ஆறுன்னா வழி, அந்த மாதிரி "மின்னுணா"ன்னு

பதுளை:
சேர் வேணாம். பொதியிலயும் எனக்கு ஒரு பயம் இருக்கு. உணவுப் பொதின்னா பிரிச்சுப் பங்கு போடுறது. இந்தப் பெட்டிய பிரிக்கவே கூடாது, பெட்டரியோட ரெண்டு முனையிலயும் ஒரு ஸ்பேனர் பட்டாலே நெருப்பு.

நுவரெலியா:
பேர் எதா இருந்தாலும் சரி, கழட்டுறப்ப முதல்ல பெனல், பொறகுதான் பெட்டரி, மாட்டுறப்ப முதல்ல பெட்டரி, இத பெரிய எழுத்துல போடுங்க. எங்க பக்கம் பனிமூட்டத்துல பெனல்ல ஒட்டிருக்க லேபிள்ல போட்டிருக்க அளவு வோட் வராது, எச்சரிக்கை வரமுந்தியே பெட்டரிய நிரப்பி வைக்கச் சொல்லுங்க. மின்பொதிக்கு என் வாக்கு.

அட்டன்:
மூணு பேர் மின்பொதி, நானும் அதுல சேர்த்தி. அட்டையில "மின்பொதி", அதுக்குக் கீழ "பெட்டரிப் பெட்டி, திறக்காதீங்க". கையேட்டுக்கு உள்ளுக்க சார்ஜ், இன்வேர்ட்டர், பியூஸ்ங்கிற சொல்லெல்லாம் அப்பிடியே போகுது.

பதுளை:
மூணு பேருன்னு எழுதிருக்கீங்க, அதுல நான் இல்லண்ணே. ஆனா "திறக்காதீங்க" இருக்கே, அது போதும்.

கண்டி:
வைப்புழிய விட்டுர்றேன். ஆடலாக்கிய விடமாட்டேன். சாதாரண தரப் பரீட்சைக்கு ஆடலோட்டம்னு படிக்கிற பிள்ளைதான் இந்தத் தாள வீட்டுல வாசிச்சுக் காட்டப்போகுது. தான் படிச்சது இந்தப் பெட்டிக்குள்ள ஓடுதுன்னு அதுக்குத் தெரிய வேணாமா? ஒரு வரியில இன்வேர்ட்டர், ஆடலாக்கி ரெண்டையும் போடுங்க தம்பி, இடம் இருக்கு.