1966 பிரிசிஷன் பேஸ்: எது பழுது, எது இயல்பு?

நான்காம்தந்தி:
வணக்கம். பல ஆண்டுகளாகப் புதிய பேஸ் கிட்டார்களையே வாசித்துவந்த நான், 1966ஆம் ஆண்டினது என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைச் சென்ற மாதம் வாங்கினேன். அதன் கனமான ஒலி முதல் நாளே பிடித்துவிட்டது. ஆனால் ஜி தந்தியில் ஐந்தாம் ஃபிரெட் (சுரங்களைப் பிரிக்கும் உலோகக் கோடு) முதல் ஏழாம் ஃபிரெட் வரையுள்ள சுரங்கள் மட்டும், அக்கம்பக்கத்துச் சுரங்களைப் போல் நீளாமல், சட்டென்று அடங்கிவிடுகின்றன. கை தாங்கும் கட்டை, கட்டைவிரலுக்கு உதவாத வகையில், ஜி தந்திக்குக் கீழே பொருத்தப்பட்டிருக்கிறது. கருவியின் கழுத்தான நெக்கின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடின் திருகோ கண்ணுக்கே தெரியவில்லை. இவற்றுள் எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது?

மந்தரன்:
மூன்றுமே பழுதல்ல. 1951இல் இந்தக் கருவியை லியோ ஃபெண்டர் வெளியிட்டபோது (அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது இன்றும் எனக்கு வியப்புதான்), வாசிப்பவர்கள் விரல்களை அந்தக் கட்டையில் கொளுவிக்கொண்டு கட்டைவிரலால் மீட்டுவார்கள் என்று எண்ணினார். பெரும்பாலோர் விரல்களால் மீட்டத் தொடங்கிவிட்டார்கள். கட்டை எதிர்ப்பக்கத்துக்கு மாறியதோ 1974இல்தான். டிரஸ் ராடின் திருகு நெக்கின் அடிப்பகுதியில், உடலோடு சேரும் இடத்தில் மறைந்திருக்கிறது. தந்திகளைத் தளர்த்தி, பின்புறத்து நான்கு திருகாணிகளைக் கழற்றி, கால் சுற்று மட்டும் திருகி, மீண்டும் பூட்டிப் பார்க்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான்.

சுரம் அடங்குவதற்குக் காரணம் நெக்கின் சொந்த அதிர்வு. தந்தியின் அதிர்வெண் அதற்கு நெருங்கி வரும் இடத்தில், தந்தியின் ஆற்றலை நெக் உறிஞ்சிக்கொள்கிறது. 34 அங்குல நீளமுள்ள தந்திகளும் திருகாணிகளால் பூட்டிய நெக்கும் கொண்ட கருவிகளில், புதியவற்றிலும்கூட, இதைப் பரவலாகக் காணலாம். நெக்கின் நுனியிலுள்ள ஹெட்ஸ்டாக்கில் சிறு கவ்வி ஒன்றை மாட்டிப் பாருங்கள். எடை கூடினால் அந்த இடம் நகரும்.

பழங்கருவி:
திருத்துவதற்கு முன் ஆண்டை உறுதிசெய்யுங்கள். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் உள்ளுறுப்பான பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் எண் இருக்கும்: 137 என்று தொடங்கினால் அதைச் செய்த நிறுவனம் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல், அடுத்து ஆண்டு, பிறகு வாரம். 1376633 என்றால் 1966இன் 33ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஆனால் அது அந்த உறுப்பின் வயதுதான். கருவி அதற்கு முந்தையதாக இருக்க முடியாது என்பதை மட்டுமே அது காட்டும். 1966இல் ஃபெண்டர் இவற்றை மொத்தமாக வாங்கிச் சில ஆண்டுகள் பயன்படுத்தியதால், 1966 என்ற எண்ணை மட்டும் வைத்து விற்பவர் சொல்வதை நம்பிவிடாதீர்கள். நெக்கைக் கழற்றும்போது அதன் அடியிலுள்ள தேதியையும் பாருங்கள்.

பழைய பற்றவைப்பையும் மேற்பூச்சையும் தொடவே வேண்டாம். கரகரப்பை நீக்கித் தரும்படி நான் கொடுத்த ஒரு பழைய பேஸை, பழுதுபார்ப்பவர் கேளாமலேயே மெருகேற்றி, உள்கம்பிகளையும் மாற்றிக் கொடுத்தார். துப்புரவுத் தெளிப்பானே போதுமாயிருந்த வேலை அது.

கீழ்ச்சுருதி:
சற்று மாறுபடுகிறேன். நீங்கள் மயங்கிய ஒலியில் பழைய மரத்தின் பங்கைவிடத் தந்திகளின் பங்கே பெரிது என்பது என் கருத்து. இப்போது அதில் இருப்பவை ஃப்ளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய, வழவழப்பான) தந்திகளா என்று பாருங்கள். மோட்டவுன் இசைப்பதிவுகளின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் தம் 1962 பிரிசிஷனில் தடித்த ஃப்ளாட்வவுண்ட் தந்திகளைப் பூட்டி, அறுந்தாலொழிய மாற்றாமல், வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றாலேயே வாசித்தார். தந்திகளை உடலில் தாங்கும் பிரிட்ஜின் மூடிக்குள் இருந்த நுரைப்பஞ்சு சுரத்தின் வாலை நறுக்கியது. நீங்கள் குறையாகச் சொல்லும் அடக்கத்தை அவர் எல்லாச் சுரங்களிலும் விரும்பி ஏற்றார். புதிய பேஸ் ஒன்றில் அதே தந்திகளையும் பஞ்சையும் வைத்து, கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். விசித்திரம் வேண்டுமென்றால் கிப்சன் இபி-0 என்ற பேஸ் இருக்கிறது: தந்தி நீளம் 30.5 அங்குலம்தான், நெக்கை ஒட்டி, தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பெரிய பிக்கப், சேற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற ஒலி. அதற்கும் அடியார்கள் உண்டு!

நான்காம்தந்தி:
அனைவருக்கும் நன்றி. கவ்வியை மாட்டியதும் அடங்கும் சுரம் ஒரு ஃபிரெட் கீழே நகர்ந்தது. கழற்றிவிட்டேன், பழைய இடமே கைக்குப் பழகியிருக்கிறது. தந்திகள் ஃப்ளாட்வவுண்ட்தான். பொட்டென்ஷியோமீட்டரில் 1966 என்றிருக்க, நெக்கின் அடியில் 1968 என்றிருக்கிறது. விற்றவரிடம் இனிப் பேச வேண்டும்.